ஈஸ்ட் கலம் வாங்கியை உள்ளே எடுக்கவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

ஈஸ்டில் எண்டோசைட்டோசிஸ் (கலம் தன் மென்சவ்வின் ஒரு பகுதியை உள்ளே இழுத்து எடுக்கும் உள்வாங்கல்) பரிசோதனை செய்யும் மாணவர்கள் கொண்டுவந்து காட்டும் படங்களில் கோளாறுகள் பெரும்பாலும் ஏழெட்டு வகைக்குள் அடங்கிவிடும். அவற்றில் பாதிக்கு மேல் மரபணுவோடு சம்பந்தமே இல்லாதவை. பேராதனையில் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு குளிர் கூடிய நுவரெலியாவில் செய்தால் வரும் கோளாறு, சீனி தீர்ந்த ஊடகத்தால் வரும் கோளாறு, தவறான வகைக் கலத்தை எடுத்ததால் வரும் கோளாறு, இப்படித்தான். ஆகவே கீழே கோளாறின் பெயரைத் தேடாதீர்கள். நுணுக்குக்காட்டியில் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதைத் தேடுங்கள்.

முதலில், சரியாக நடந்தால் என்ன தெரியும்?

ஈஸ்டில் ஏ, ஆல்ஃபா என இரண்டு இணைவு வகைகள் உண்டு. ஏ வகை ஒருமடியக் கலத்தின் (நிறமூர்த்தத் தொகுதி ஒன்றே உள்ள கலம்) மேற்பரப்பில் ஸ்டெ2 என்ற வாங்கி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதம், இருக்கிறது. ஆல்ஃபா வகைக் கலம் வெளியிடும் ஆல்ஃபா காரணி, 13 அமினோ அமிலங்களே கொண்ட ஒரு சின்னப் பெப்டைட்டு, இதில் வந்து பிணையும். பிணைந்ததும் வாங்கியின் உட்பக்க வாலில் பொஸ்பேற்று ஏறும். பிறகு ஆர்எஸ்பி5 என்ற நொதியம் அதே வாலில் உள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தில் யூபிக்குயிட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும். யூபிக்குயிட்டின் என்றாலே புரதத்தை உடைக்க அனுப்பும் அடையாளம் என்று படித்திருப்போம். மேற்பரப்பு வாங்கியை உள்ளே எடுக்கும் அடையாளமும் அதுதான் என்று லிண்டா ஹிக்கியும் ஹோவர்ட் ரீஸ்மனும் 1996இல் இந்த ஸ்டெ2இலேயே காட்டினார்கள்.

அடையாளம் விழுந்த இடத்தில் எப்சின், கிளத்திரின், ஸ்லா1 போன்ற உறைப் புரதங்கள் கூடும். கடைசியாக அக்டின் என்ற இழைப் புரதம் வந்து மென்சவ்வை உள்ளே இழுக்கும். இழுத்த பை அறுபட்டு எண்டோசோம் என்ற இடைத்தங்கல் பைக்குப் போய், அங்கிருந்து கலத்தின் செரிப்பறையான புன்வெற்றிடத்தில் விழுந்து செரிக்கப்படும். ஓர் இடத்தில் அக்டின் தங்குவது ஏறத்தாழ 15 செக்கன் மட்டுமே. 30 பாகை செல்சியசில், ஆல்ஃபா காரணி பிணைந்த வாங்கிகளில் பாதி சுமார் 10 நிமிடத்துக்குள் உள்ளே போய்விடும். வாங்கியில் ஒளிரும் அடையாளம் இணைத்திருந்தால், அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் அந்த ஒளிர்வு புன்வெற்றிடத்தில் இருக்க வேண்டும்.

ஈஸ்டில் அக்டின் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதை மனதில் வையுங்கள். கலச்சுவருக்குள் நீரமுக்கம் அவ்வளவு அதிகம். காற்று இறுக்கி அடித்த லொறி டயரை வெளியிலிருந்து விரலால் குத்திக் குழி விழுத்தப் பார்ப்பது மாதிரியான வேலை அது. அந்தப் பலத்துக்கு ஏற்றிபி (கலத்தின் சக்தி மூலக்கூறு) வேண்டும், ஏற்றிபிக்குச் சீனி வேண்டும். கிளத்திரின் அப்படியல்ல. அதன் மரபணுவை முழுதாக நீக்கினாலும் உள்வாங்கல் மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வேகத்தில் நடந்துகொண்டுதான் இருக்கும். விலங்குக் கலத்தைப் பற்றிய பாடப்புத்தகப் படத்தை வைத்துக்கொண்டு ஈஸ்டில் கோளாறு தேடினால் இங்கேதான் வழி தவறும்.

அறிகுறி: எஃப்எம் 4-64 சாயம் கலத்தைச் சுற்றி வளையமாக நிற்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை

எஃப்எம் 4-64 மென்சவ்வில் செருகி, மென்சவ்வோடு உள்ளே போகும் சிவப்புச் சாயம். 1995இல் வைடாவும் எமரும் ஈஸ்டுக்கு இதைப் பழக்கிவிட்ட பிறகு எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். வெளி வளையம் மட்டும் தெரிந்தால் சாயம் ஒட்டிவிட்டது, இழுப்பு நடக்கவில்லை என்று பொருள். பார்க்க வேண்டிய ஒழுங்கு இது.

வெப்பம் முதலில். பனிக்கட்டியில் வைத்துச் சாயம் ஏற்றியிருந்தால், கழுவிய பின் 30 பாகை ஊடகத்தில் கலங்களைப் போட்டீர்களா? குளிரூட்டியிலிருந்து எடுத்த ஊடகத்தை அப்படியே ஊற்றினால் அது சூடாகவே கால் மணி போய்விடும். 0 பாகையில் உள்வாங்கல் முழுதாக நிற்கும். அதுதான் பனிக்கட்டியில் சாயம் ஏற்றுவதன் நோக்கமே.

அடுத்தது சீனி. முதல் நாள் மாலை வளர்த்து, காலையில் தடிப்பாகிப்போன வளர்ப்பை நேரே எடுக்காதீர்கள். குளுக்கோசு தீர்ந்தால் அக்டின் ஒழுங்கு சில நிமிடங்களிலேயே குலைந்துவிடும், உள்வாங்கலும் படுத்துவிடும். காலையில் புது ஊடகத்தில் ஐதாக்கி, 600 நானோமீற்றரில் ஒளியடர்த்தி 0.5 முதல் 0.8 வரை வரும்போது எடுங்கள். கழுவும்போதும் வெறும் நீரோ உப்புக் கரைசலோ வேண்டாம், 2 வீதம் குளுக்கோசு உள்ள ஊடகத்தாலேயே கழுவுங்கள். வேறெதையும் மாற்றாமல் கழுவும் கரைசலை மட்டும் மாற்றியே தீர்ந்துபோன வழக்குகள் உண்டு.

மூன்றாவது அசைட்டு. நேரப் புள்ளிகளில் உள்வாங்கலை உறையவைக்க சோடியம் அசைட்டும் சோடியம் புளோரைட்டும் தலா 10 மில்லிமோலார் போடுவது வழக்கம். அந்தக் கரைசல் இருந்த குழாயை மேலோட்டமாக அலசிவிட்டு அடுத்த வேலைக்கு எடுத்தால் மிச்சம் இருப்பதே கலத்தை முடக்கப் போதும். அசைட்டுக் குழாய்களுக்கு நிறப் பட்டி ஒட்டித் தனியே வையுங்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அசைட்டை அமிலத்தோடு சேர்க்கக் கூடாது, நச்சு வாயு வரும். தொட்டியில் ஊற்றவும் கூடாது. செம்பு, ஈயக் குழாய்களில் அது வெடிக்கக்கூடிய உப்பாகத் தங்கும்.

இந்த மூன்றும் சரி, எதிரே வைத்த சாதாரண இனத்தில் சாயம் ஒழுங்காக உள்ளே போகிறது, உங்கள் விகாரியில் (மரபணு மாறிய இனத்தில்) மட்டும் வெளியே நிற்கிறது என்றால் இப்போது மரபணுவைப் பேசலாம். எண்ட்3, ஸ்லா2 குறைபாடுள்ள இனங்கள் இப்படித்தான் நடக்கும். அக்டின் படிதான் காரணமா என்று பார்க்க, சாதாரண இனத்தில் அக்டினைக் குலைக்கும் லட்ரன்குலின் ஏ போட்டு ஒப்பிடுங்கள். அந்தப் படமும் விகாரியின் படமும் ஒன்றுபோல இருந்தால் நீங்கள் சரியான இடத்தில்தான் தேடுகிறீர்கள்.

அறிகுறி: உள்ளே புள்ளிகள் தெரிகின்றன, புன்வெற்றிட வளையம் வரவே இல்லை

மலைநாட்டில் இதற்குத்தான் நான் அதிகம் நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

புள்ளிகள் எண்டோசோம்கள். சாயம் உள்ளே வந்துவிட்டது, பாதி வழியில் நிற்கிறது. குறிப்பில் "அறை வெப்பநிலையில் 30 நிமிடம்" என்று இருக்கும். அதை எழுதியவரின் அறை 22 முதல் 25 பாகை. பேராதனையில் பகலில் அது பொருந்தும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவில் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான், தை மாதக் காலையில் புல்லில் உறைபனி பிடிக்கிற ஊர். 15 பாகையில் உள்வாங்கல் நிற்காது, ஆனால் எண்டோசோமிலிருந்து புன்வெற்றிடத்துக்குப் போகும் பயணம் நன்றாக மந்தப்படும். 30 நிமிடத்தில் கிடைக்கும் படம் விகாரியின் படத்தைப் போலவே இருக்கும். ஹட்டன், பண்டாரவளைப் பக்கமும் மழைநாளில் மேசையின் வெப்பம் குறிப்பை எழுதியவர் நினைத்த வெப்பமாக இருக்காது.

மேசையில் ஒரு வெப்பமானியை நிரந்தரமாக வையுங்கள். கலங்களை எப்போதும் 30 பாகை நீர்த்தொட்டியில் வையுங்கள். கரண்ட் போய் வந்தால் தொட்டியின் விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதாது, நீரின் வெப்பத்தைப் பாருங்கள். ஸ்லைடும் குளிரும் என்பதை மறந்துவிடுகிறோம். நுணுக்குக்காட்டி அறையில் ஏசி ஓடினால் பேராதனையிலும் இதே படம் கிடைக்கும்.

சாயக் குப்பியும் சேர்ந்து ஏமாற்றும். எஃப்எம் 4-64ஐக் கரைத்து வைப்பது டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில், அது உறைவது 18.5 பாகையில். கண்டியில் மேசையில் வைத்தால் திரவமாக இருக்கும் குப்பி, நுவரெலியாவில் மேசையிலேயே உறைந்து கிடக்கும். பாதி உருகிய குப்பியிலிருந்து எடுத்தால் சாயத்தின் செறிவு ஒவ்வொரு முறையும் வேறாக வரும். கையில் பிடித்து முழுதாக உருக்கி, கலக்கி, பிறகு எடுங்கள். வெளிச்சம் படாமல் தாளில் சுற்றியும் வையுங்கள்.

30 பாகையில் ஒரு மணி நேரம் விட்டும் நிலைமை மாறவில்லை, அதுவும் சிதறிய புள்ளிகளாக இல்லாமல் புன்வெற்றிடத்தின் ஓரத்தில் ஒரேயொரு தடித்த, பிரகாசமான பொட்டு, புன்வெற்றிட வளையம் மங்கல் என்றால் அது குளிரின் வேலை இல்லை. விபிஎஸ்4, விபிஎஸ்27 போன்றவை இல்லாத இனங்களில் வரும் படம் அது. எண்டோசோமில் சரக்கைப் பிரித்து உட்பைகளுக்குள் தள்ளும் இயந்திரம் பழுது. ஜிஎஃப்பி என்ற பச்சை ஒளிர் புரதம் இணைத்த வாங்கியிலும் இதையே வேறு விதமாகக் காணலாம்: இயந்திரம் சரியாக இருந்தால் பச்சை ஒளி புன்வெற்றிடத்தின் உள்ளே நிரம்பி இருக்கும். பழுதானால் அதன் ஓரத்தில் வளையமாகவும் பக்கத்தில் பொட்டாகவும் நிற்கும்.

அறிகுறி: கலம் முழுவதும் சிவப்பு

செத்த கலம். மென்சவ்வு ஓட்டையானதும் சாயம் எங்கும் பரவிவிடும். மெதிலீன் நீலம் போட்டு எத்தனை கலங்கள் நீலமாகின்றன என்று எண்ணுங்கள், உயிருள்ளவை நிறமற்று இருக்கும். அதிக வேகத்தில் நீண்ட நேரம் மையநீக்கம் செய்வதும் ஒரு காரணம். கடையில் வாங்கிய உலர் ஈஸ்டை நீரில் ஊறவைத்து நேரே சாயம் போட்டாலும் இதுதான் நடக்கும், பொட்டலத்தில் செத்தவை நிறைய இருக்கும். ஓர் இரவு வளர்த்து, புது ஊடகத்துக்கு மாற்றிய பின் செய்யுங்கள்.

அறிகுறி: சாயம் போடாத கலமே ஒளிர்கிறது

தட்டில் கொலனிகள் இளஞ்சிவப்பாக இருக்கின்றனவா? அப்படியானால் விடை கையில் இருக்கிறது. டபிள்யூ303 போன்ற இனங்களில் ஏடிஇ2 மரபணு வேலை செய்யாது. அடினீன் குறைந்தால் ஒரு செந்நிறப் பொருள் திரண்டு புன்வெற்றிடத்திலேயே தங்கி, தானாக ஒளிரும். வாங்கி வந்து சேர வேண்டிய இடமும் அதுவே என்பதால் பார்ப்பவர் "ஆகா, உள்வாங்கல் பிரமாதம்" என்று எழுதிவிடுவார். ஊடகத்தில் மேலதிக அடினீன் சேர்த்து வளர்த்தால் அடங்கிவிடும். வைபிடி என்ற வழக்கமான ஈஸ்ட் வளர்ப்பு ஊடகமே கொஞ்சம் ஒளிரும் என்பதால், பார்க்கும் முன் தெளிந்த செயற்கை ஊடகத்துக்கு மாற்றிவிடுங்கள். சாயமில்லாத மாதிரி ஒன்றின் படம் இல்லாமல் எவர் வந்தாலும் நான் மற்றப் படங்களைப் பார்ப்பதில்லை.

அறிகுறி: ஆல்ஃபா காரணி போட்டும் ஸ்டெ2-ஜிஎஃப்பி அசையவில்லை

முதலில் இனத்தின் பெயரைப் பாருங்கள். பிஒய்4741 ஏ வகை, அதில் ஸ்டெ2 உண்டு. பிஒய்4742 ஆல்ஃபா வகை, அதில் இருப்பது ஸ்டெ3. இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம், குளிர்பெட்டியில் பக்கத்துப் பக்கத்துக் குப்பிகள். எஸ்இஒய்6210உம் ஆல்ஃபா வகைதான்.

பேக்கரியில் பாண் போடும் ஈஸ்டில் செய்து பார்க்கலாமா என்று உயர்தர மாணவர்கள் கேட்பதுண்டு. சாய உள்வாங்கலைப் பார்க்கலாம், நன்றாகவே வரும். ஆல்ஃபா காரணிப் பரிசோதனை வராது. அவை பன்மடியக் கலங்கள், இரு வகை மரபணுக்களும் ஒன்றாக இருப்பதால் ஸ்டெ2 அடங்கிக் கிடக்கும்.

வகை சரி என்றால், காரணி கலத்தை எட்டுகிறதா என்று பாருங்கள். ஏ வகைக் கலம் பார்1 என்ற நொதியத்தை வெளியே விட்டு ஆல்ஃபா காரணியை வெட்டித் தள்ளும். வளர்ப்பு தடிப்பாக இருந்தால் பார்1உம் அதிகம். பார்1 உள்ள இனத்துக்கு மில்லிலீற்றருக்கு 10 மைக்ரோகிராம் அளவில் போட வேண்டியிருக்கும், பார்1 நீக்கிய இனத்துக்கு அதில் சிறு பங்கே போதும். பெப்டைட்டு நல்லதா என்று பார்க்க ஜிஎஃப்பி தேவையில்லை. 30 பாகையில் ஒன்றரை, இரண்டு மணி விட்டு சாதாரண நுணுக்குக்காட்டியில் பாருங்கள். மொட்டு விடுவதை நிறுத்தி, ஒரு பக்கம் நீண்டு பேரிக்காய் வடிவம் எடுத்த கலங்கள் தெரிந்தால் காரணி வேலை செய்கிறது, வாங்கியும் இருக்கிறது. அப்படித் தெரியாவிட்டால் கொழும்பிலிருந்து மலை ஏறி வரும் வழியில் பொதி சூடாகிவிட்டதா, குளிரூட்டியில் பலமுறை உருகி உறைந்ததா என்று விசாரியுங்கள். சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைப்பது நல்லது.

பேரிக்காய் வடிவம் வருகிறது, வாங்கி மட்டும் மேற்பரப்பிலேயே நிற்கிறது என்றால் சமிக்ஞை சரி, அடையாளம் ஒட்டுவதில்தான் பிரச்சினை. வாலின் லைசின்கள் மாற்றப்பட்ட ஸ்டெ2உம், ஆர்எஸ்பி5 குறைபாடுள்ள இனமும் இப்படி நடக்கும். வாலையே வெட்டிவிட்டு ஜிஎஃப்பி ஒட்டிய பிளாஸ்மிட்டா (மரபணுவைச் சுமக்கும் டிஎன்ஏ வளையம்) என்றும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். உள்ளே எடுப்பதற்கான அடையாளங்கள் எல்லாம் அந்த வாலில்தான் இருக்கின்றன.

அறிகுறி: காரணி போடும் முன்னமே புன்வெற்றிடம் பச்சையாக இருக்கிறது

இது கோளாறு இல்லை. காரணி இல்லாவிட்டாலும் ஸ்டெ2 மெல்ல மெல்ல உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். புன்வெற்றிட நொதியங்களுக்கு ஜிஎஃப்பி இலகுவில் மசியாது, வாங்கி செரித்த பிறகும் அது மட்டும் மிஞ்சி ஒளிரும். ஆகவே அந்தப் பச்சை நேற்றைய கணக்கு. நீங்கள் அளக்க வேண்டியது மேற்பரப்பு ஒளிர்வு எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதை. அமிலத்தில் அணைந்துவிடும் பிஎச்-புளோரின் (pHluorin) என்ற ஜிஎஃப்பி வகையை இணைத்தால் புன்வெற்றிடம் இருட்டாகி, மேற்பரப்பு தனியே தெரியும். புரதங்களை நிறைப்படி பிரித்துக் காட்டும் வெஸ்டர்ன் புளொட் செய்தால், ஏறத்தாழ 27 கிலோடால்ற்றனில் வரும் தனி ஜிஎஃப்பிப் பட்டை வாங்கி புன்வெற்றிடம் போய்ச் சேர்ந்ததற்குச் சாட்சி.

மப்1-ஜிஎஃப்பி வேறு கதை. அது மெதியோனீனைக் கொண்டுவரும் புரதம். மெதியோனீன் கிடைத்ததும் ஆர்ட்1 என்ற துணைப் புரதத்தின் உதவியோடு ஆர்எஸ்பி5 அதற்கு அடையாளம் ஒட்டிவிடும். வைபிடியில் வளர்த்தால் அது மேற்பரப்பில் நிற்கவே நிற்காது. மெதியோனீன் இல்லாத ஊடகத்தில் வளர்த்து, பிறகு மில்லிலீற்றருக்கு 20 மைக்ரோகிராம் சேர்த்து ஓடவிடுங்கள். பிஒய்4741 மெதியோனீன் இல்லாமல் வளராது, அதனால் இதற்கு எஸ்இஒய்6210தான் வசதி.

அறிகுறி: புளோரொளிர்வு நுணுக்குக்காட்டியே இல்லை, கனவனின் தட்டில் எல்லா இனமும் ஒரே மாதிரி வளர்கிறது

கனவனின் ஆர்ஜினீன் போல வேடமிட்ட நஞ்சு. கான்1 என்ற புரதம் அதை ஆர்ஜினீன் என்று நினைத்து உள்ளே கொண்டுவரும். கான்1ஐ மேற்பரப்பிலிருந்து எடுக்க முடியாத விகாரி (ஆர்ட்1 நீக்கிய இனம் நல்ல உதாரணம்) கூடுதலாக நஞ்சை வாங்கி, குறைந்த அளவிலேயே செத்துவிடும். தட்டும் இன்கியூபேட்டரும் போதும். வசதி குறைந்த ஆய்வுகூடத்துக்கு இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது. (கனவனினும், கலங்களை ஸ்லைடில் ஒட்டவைக்கும் கொன்கனவலின் ஏயும் ஒரே அவரை இனச் செடியின் விதையிலிருந்து பிரித்தவை என்பது ஒரு சுவாரசியம்.)

எல்லாமே வளர்ந்தால் ஊடகத்தில் ஆர்ஜினீன் இருக்கிறது. வைபிடியில் இந்தப் பரிசோதனை வராது, அமினோ அமிலக் கலவைப் பொடியிலும் ஆர்ஜினீன் இல்லாததைத் தேட வேண்டும். இனம் டபிள்யூ303 என்றால் கையை எடுத்துவிடுங்கள், அதில் கான்1 மரபணு ஏற்கெனவே பழுது, எவ்வளவு போட்டாலும் அசையாது. எல்லாமே செத்தால் அளவு அதிகம். தெரிவுத் தட்டுகளுக்குப் போடும் 60 மைக்ரோகிராம் இங்கே உதவாது, மில்லிலீற்றருக்கு ஒன்றிரண்டு மைக்ரோகிராமைச் சுற்றி மேலும் கீழுமாகப் படிப்படியாகத் தட்டுகள் ஊற்றி வித்தியாசம் தெரியும் அளவைப் பிடியுங்கள்.

தட்டில் ஈஸ்டோடு வழவழப்பாக வேறேதோ வளர்ந்தால், உயரத்தை நினையுங்கள். பிரஷர் குக்கரில் கிருமி நீக்குபவர்கள் 15 இறாத்தல் அமுக்கம் என்றால் 121 பாகை என்று வைத்துக்கொள்வார்கள். அது கடல் மட்டக் கணக்கு. நுவரெலியாவில் வெளி வளியமுக்கமே குறைவு என்பதால் அதே 15 இறாத்தலில் உள்ளே 118 பாகைக்குக் கிட்டத்தான் வரும். வழக்கமான 15 நிமிடத்தை அரை மணியாக்குங்கள்.

அறிகுறி: எல்லாம் வருகிறது, விகாரி மட்டும் "கொஞ்சம் மெதுவு"

இதை அவ்வளவு சுலபமாக நம்ப வேண்டாம். முதலில் பார்த்த ஸ்லைடுக்கும் பத்து நிமிடம் கழித்துப் பார்த்த ஸ்லைடுக்கும் இடையில் கவர் ஸ்லிப்பின் கீழ் கலங்கள் ஒட்சிசனையும் சீனியையும் தின்று தீர்த்திருக்கும், ஒளிர்வும் மங்கியிருக்கும். எப்போதும் இரண்டாவதாகப் பார்க்கப்படும் இனம் எப்போதும் மெதுவாகத்தான் தெரியும். இரண்டு இனத்தையும் ஒரே ஸ்லைடில் கலந்துவிடுங்கள். ஒன்றில் கருவுக்குள் நிற்கும் நீலப் புரதம் மாதிரி வேறு நிற அடையாளம் ஏதாவது இருந்தால் எது எது என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே வெப்பம், ஒரே சாயம், ஒரே நேரம். அப்படிக் கலந்தும் விகாரி பிந்தினால் அந்தப் படத்தை அறிக்கையில் போடுங்கள்.